62,000 பாட்டு இருக்கிறது. அப்பாவே தேடி எடுக்கும்படி எந்த ப்ளேயர் வைக்கலாம்?

#1 கேசட்பெட்டி

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா நாற்பது வருடமாகச் சேர்த்ததையும் நான் சேர்த்ததையும் ஒருவழியாக ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்துவிட்டேன். 62,000 கோப்புகளுக்குக் கொஞ்சம் மேல். அதில் 38,000 போல எம்பி3, மீதி ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை). மொத்தம் 900 ஜிபியைத் தொடுகிறது. பாதி தமிழ் சினிமா, பாதி கர்நாடக சங்கீதம். சிடியிலிருந்து எடுத்தவை, கேசட்டிலிருந்து மாற்றியவை, சொந்தக்காரர்கள் அனுப்பியவை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பெயர்கள் சிலது தமிழில், சிலது ஆங்கிலத்தில், சிலது வெறும் 'ட்ராக் 07'.

இப்போது இருக்கும் ப்ளேயர் (பெயர் வேண்டாம், வம்பு) திறக்கவே நாலு நிமிடம் எடுக்கிறது. போன வாரம் யாரும் கேட்காமலே இணையத்தில் தேடி, முந்நூறு கச்சேரிக் கோப்புகளுக்கு ஏதோ ஒரு ராக் குழுவின் அட்டைப்படத்தை ஒட்டிவிட்டது. அரியக்குடியின் பெயருக்குப் பக்கத்தில் தோல் ஜாக்கெட் போட்ட நாலு பேர் கிதாரோடு நிற்கிறார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்டோஸ் 10, 8 ஜிபி ராம். அப்பாவுக்கு 74 வயது. 'இன்றைக்கு சாவேரி கேட்கலாம்' என்று தோன்றினால் என்னைக் கூப்பிடாமல் அவரே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து பெரிதாகத் தெரிந்தால் புண்ணியம்.

இன்னொரு வினோதம். தேடல் கட்டத்தில் 'கொ' என்று தட்டினால் பாதிப் பாட்டுகள் வருவதே இல்லை. பட்டியலில் கண்ணெதிரே 'கொ' என்று இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. இது ப்ளேயரின் கோளாறா?

#2 இரவுப்பறவை

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மாதச் சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் போனிலேயே வந்துவிடுமே.

#3 கேசட்பெட்டி

சினிமாப் பாட்டு பெரும்பாலும் வரும், ஒத்துக்கொள்கிறேன். 1981-ல் எங்கள் பெரியப்பா கல்யாணத்தில் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்த நாதஸ்வரம் எந்தச் சந்தாவில் வரும்? நடுவில் 'சாம்பார் எங்கே' என்று ஒரு குரல் கேட்கும். அது எங்கள் பாட்டி.

#4 ஓசையின்றி

என் ஓட்டு ஃபூபார்2000-க்கு. பதினைந்து வருடமாக அதுதான்.

இதை எழுதிய பீட்டர் பாவ்லோவ்ஸ்கி முன்பு வினாம்ப் நிறுவனத்துக்கு நிரல் எழுதியவர். முதல் பதிப்பு 2002-ல் வந்தது, இன்றும் இலவசம். 2023-ல் வந்த 2.0 முதல் 64-பிட் பதிப்பும் உண்டு. என்னிடம் 80,000 கோப்புகள். சொடுக்கினால் மூச்சு விடுவதற்குள் திறந்துவிடும். முதல் தடவை ஸ்கேன் செய்யத்தான் நேரம் எடுக்கும். அதன்பிறகு புதிதாக வந்ததை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

உங்களுக்கு முக்கியமாக வேண்டியது இடைவெளி இல்லாமல் ஓடுவது. கச்சேரியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தால் ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் சில ப்ளேயர்களில் 'டக்' என்று அரை நொடி விழும். ரசிகனுக்கு அது கல்லில் இடித்துக்கொண்ட மாதிரி. ஃப்ளாக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. எம்பி3-யில், கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் எவ்வளவு வெற்று ஒலி சேர்ந்திருக்கிறது என்ற குறிப்பு கோப்பிலேயே இருக்க வேண்டும். லேம் என்ற எம்பி3 ஆக்கும் நிரலில் செய்தவற்றில் இருக்கும். மிகப் பழைய எம்பி3-களில் இல்லையென்றால் எந்த ப்ளேயராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

ரீப்ளேகெயினையும் போட்டுவிடுங்கள். 60-களின் பாட்டு முனகும், அடுத்து வரும் புதுப் பாட்டு வீட்டையே அதிரவைக்கும், இல்லையா? அதைச் சமப்படுத்தும். ஒலியில் கை வைக்காது, டேகில், அதாவது கோப்புக்குள் பாட்டின் விவரங்களை எழுதும் இடத்தில், ஒரு எண்ணை மட்டும் எழுதும். கச்சேரிக்கு ஆல்பம் கணக்கைப் பயன்படுத்துங்கள், பாட்டுக் கணக்கு வேண்டாம். பாட்டுக் கணக்கில் போட்டால் மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனமும் மெல்லிய விருத்தமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், கச்சேரியின் மேடுபள்ளம் போய்விடும். 62,000-க்கும் கணக்கிட ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

#5 தேன்கூடு

ஓசையின்றி சொன்னதெல்லாம் சரி, ஆனால் 74 வயதுக்காரருக்கு ஃபூபாரா? அதை நிறுவியதும் எக்ஸெல் தாள் மாதிரி ஒன்று வந்து நிற்கும். அழகாக்க ஒரு வாரம் உட்கார வேண்டும்.

மியூசிக்பீ வையுங்கள். இதுவும் இலவசம், விண்டோஸுக்கு மட்டும். எழுத்து அளவைப் பெரிதாக்கலாம். பக்கவாட்டிலோ மேலேயோ இசையமைப்பாளர், பாடியவர், ஆல்பம் என்று பத்திகள் வைக்கலாம். நாமே புது ஃபீல்டுகளும் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் 'ராகம்', 'தாளம்', 'வயலின்', 'மிருதங்கம்' என்று நாலு சேர்த்திருக்கிறேன். ராகப் பத்தியில் சாவேரியைச் சொடுக்கினால் சாவேரி மட்டும் வந்து நிற்கும். உங்கள் அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்?

புதுக் கோப்புகள் முதலில் 'இன்பாக்ஸ்' என்ற இடத்தில் காத்திருக்கும்படி வைக்கலாம். நாம் பார்த்து, சரிசெய்து, உள்ளே அனுப்பலாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிற மாதிரி. டேகைப் பார்த்துக் கோப்புகளைத் தானாக அடுக்கும் வசதியை மட்டும் ஆரம்பத்தில் அணைத்தே வையுங்கள். டேக் தப்பாக இருந்தால் அந்தத் தப்பை அப்படியே உங்கள் அடைவுகளிலும் பரப்பிவிடும்.

#6 ஓசையின்றி

எக்ஸெல் தாளா! சரி, அழகு குறைவுதான், மறுக்கவில்லை. ராக ஃபீல்டு ஃபூபாரிலும் வைக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

#7 பழையரேடியோ

வினாம்ப் வந்தது 1997-ல். இன்னும் என் கணினியில் இருக்கிறது. 62,000-க்குச் சரிப்படாது, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#8 சுருதிப்பெட்டி

தம்பி கேசட்பெட்டி, ப்ளேயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றபின் ஆறு வருடமாக இதே வேலையாக இருப்பவன் சொல்கிறேன். டேக் ஒழுங்கில்லாமல் எதை வைத்தாலும் உங்கள் அப்பா உங்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்.

சினிமாவுக்கு என் வழக்கம் இது. ஆல்பம் என்றால் படத்தின் பெயர், அடைப்பில் ஆண்டு. ஆண்டு ஏன் என்றால், 'விக்ரம்' என்று 1986-ல் இளையராஜா இசையில் ஒன்று, 2022-ல் அனிருத் இசையில் ஒன்று. ஆண்டு போடாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாக ஒட்டிக்கொள்ளும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' ஃபீல்டில் இசையமைப்பாளர். 'ஆர்ட்டிஸ்ட்' பாடியவர்களுக்கு. ஜோடிப் பாட்டில் இரண்டு பேரையும் ஒரே பெயராக எழுதிவிடாதீர்கள். இரண்டு மதிப்புகளாகப் பிரித்து எழுத வேண்டும், மியூசிக்பீயில் நடுவே அரைப்புள்ளி போட்டால் பிரித்துக்கொள்ளும். இல்லையென்றால் 'எஸ்.பி.பி., ஜானகி' ஒரு ஆள், 'எஸ்.பி.பி., சித்ரா' இன்னொரு ஆள் என்று பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளும். விஸ்வநாதன் – ராமமூர்த்திக்கும் இதே கதை. 1965-ல் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பெயராகப் போட்டால்தான் எம்.எஸ்.வி.யைச் சொடுக்கும்போது இரு காலத்துப் பாட்டும் சேர்ந்து வரும். பாடலாசிரியருக்குத் தனி ஃபீல்டு உண்டு, அதை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பிப் பாருங்கள், கண்ணதாசன் ஒரு பக்கம், வாலி ஒரு பக்கம் என்று ராத்திரி தூக்கம் போகும்.

கச்சேரிக்கு, ஆல்பம் என்பது பாடியவர், இடம், ஆண்டு மூன்றும் சேர்ந்தது. பக்கவாத்தியத்தைத் தேன்கூடு சொன்ன மாதிரி தனியாக வையுங்கள். லால்குடி ஜெயராமன் பக்கவாத்தியமாக வாசித்த கச்சேரிகள் மட்டும் என்று நான் எடுத்துக் கேட்பதுண்டு. பாடகர் யாராக இருந்தாலும் காது வயலின் பின்னாலேயே போகும்.

மொத்தமாக டேக் திருத்த எம்பி3டேக் என்ற நிரல். விண்டோஸில் இலவசம். பெயர் எம்பி3 என்றாலும் ஃப்ளாக்கையும் திருத்தும்.

#9 கட்டளைவரி

'கொ' விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது ப்ளேயரின் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் 'ொ' என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். 'க', பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று மூன்று குறிகளாக எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். உள்ளே எண்கள் வேறு. எண்களை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

சோதித்துப் பாருங்கள். காணாமல் போகும் பாட்டு ஒன்றின் பெயரைக் காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடியுங்கள். 'க' என்று நின்றால் ஒற்றைக் குறி. 'கெ' என்று நின்றால் பிரிந்து கிடக்கிறது.

அந்தக் கோப்புகள் ஏதாவது பழைய மாக்கிலிருந்து வந்தவையா?

#10 கேசட்பெட்டி

'கெ' என்று நின்றது! இன்னொரு தடவை அடித்ததும் 'க'.

பெங்களூர் சித்தப்பா தன் பழைய மாக்கிலிருந்து ஜிப் போட்டு அனுப்பியவை அவை. கோப்புப் பெயரிலிருந்துதான் நான் டேகையும் எழுதினேன். மூன்று வருடமாக ப்ளேயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

#11 கட்டளைவரி

பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பழைய மாக்குகளின் கோப்பு முறை எந்தப் பெயரையும் இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். 2017-க்குப் பின் வந்த புதுக் கோப்பு முறை கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஜிப்பில் போட்டால் பிரிந்த பெயர் அப்படியே விண்டோஸுக்கு வந்து சேரும். 'ொ', 'ோ', 'ௌ' மூன்றுக்கும் இதே கதி. மற்ற உயிர்மெய்களுக்கு வராது, அதனால்தான் பாதிப் பாட்டு மட்டும் காணாமல் போகிறது.

இதைச் சேர்த்து வைக்கும் வேலைக்கு பைத்தானில் ஒரே வரி போதும். டேகைப் படிக்கவும் எழுதவும் மியூட்டஜன் என்ற நூலகம். தனிமடலில் அனுப்புகிறேன். முதலில் ஐம்பது கோப்புகளை வேறு இடத்தில் காப்பி எடுத்து ஓட்டிப் பாருங்கள். மொத்தத்தின் மேல் முதல் தடவையே ஓட்டாதீர்கள், சொல்லிவிட்டேன்.

#12 சுருதிப்பெட்டி

ஆகா, இப்போதுதான் எனக்கும் ஒன்று புரிகிறது. என்னிடம் டி.எம்.எஸ். பாட்டு இரண்டாயிரத்துக்கு மேல். தேடினால் ஆயிரத்து இருநூறுதான் வரும். பேக்ஸ்பேஸ் சோதனை செய்தேன். 'சௌந்தரராஜன்' சிலவற்றில் 'ச' என்று நிற்கிறது, சிலவற்றில் 'செ' என்று நிற்கிறது. உங்கள் நிரலில் இதுவும் சரியாகுமா?

#13 கட்டளைவரி

பழைய மாக்கிலிருந்து வந்தவை இல்லையென்றால் ஆகாது ஐயா. 'செ' என்று நின்றவற்றில் இருப்பது 'ள' என்ற எழுத்தாகத்தான் இருக்கும். தட்டியவர் 'சௌ'வுக்குப் பதில் 'செ'வும் 'ள'வும் தட்டியிருக்கிறார், 'செளந்தரராஜன்'. இதைக் கணினி வேறு சொல்லாகத்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். கொம்பையும் 'ள'வையும் கண்ட இடமெல்லாம் மாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் நாசமாகிவிடும். எம்பி3டேக்கில் முழுப் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள். சௌந்தரராஜன், கௌரி, மௌனம், இப்படி ஒவ்வொரு சொல்லாக.

#14 வல்லைவெளி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய சிக்கல் இதைவிடப் பழையது. 2001, 2002 வாக்கில் நண்பர்கள் தந்த எம்பி3-களில் டேக் எல்லாம் வாய்க்குள் நுழையாத கிறுக்கு எழுத்து. ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து கிடக்கு. அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் வழியா?

#15 கட்டளைவரி

அழிக்காதீர்கள். அந்தக் காலத்தில் என்றால் பெரும்பாலும் திஸ்கி, யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த தமிழ்க் குறியீட்டு முறை. அன்றைக்கு அதற்குரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரிந்திருக்கும். லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் என்ற கட்டளைக்கு திஸ்கி தெரியும், யூனிகோடாக மாற்றித் தரும். திஸ்கியாக இல்லாமல் பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், அதற்கு வேறு மாற்றிகள் இருக்கின்றன.

தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எம்பி3 டேகுக்கான ஐடி3 முறையின் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான். 'ட்ராக்' என்றால் அடங்கும், ஒரு பல்லவியின் முதல் வரி அடங்காது.

#16 வல்லைவெளி

ஐகான்வ் வேலை செய்தது அண்ணா. நானூறு பாட்டு திரும்ப வந்துவிட்டது. பெரிய நன்றி. ஒரு தலைப்பு மட்டும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேணும்.

#17 மேளகர்த்தா

ராக ஃபீல்டு வைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பக்கத்தில் மேள எண்ணையும், அதாவது தாய் ராகத்தின் வரிசை எண்ணையும், போடுங்கள். தோடி 8, மாயாமாளவகௌளை 15, கரகரப்ரியா 22, சங்கராபரணம் 29, கல்யாணி 65. ஜன்ய ராகத்துக்கு, அதாவது தாய் ராகத்திலிருந்து பிறந்ததற்கு, அந்தத் தாய் ராகத்தின் எண். 15 என்று தட்டினால் சாவேரியும் வரும், மாயாமாளவகௌளையும் வரும். எழுத்துக்கூட்டல் சண்டையும் மிச்சம். 'கரகரப்ரியா', 'கரஹரப்பிரியா', 'கரகரப்பிரியா' எல்லாம் 22-ல் அடங்கிவிடும்.

#18 பழையரேடியோ

மோகனத்துக்கு எந்த எண்? 28-ஆ 65-ஆ?

#19 மேளகர்த்தா

28. மத்தியமமும் நிஷாதமும் இல்லாத ராகம் என்பதால் 29, 65 என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் 28.

#20 பழையரேடியோ

என் குரு 65 என்றுதான் சொல்லிக்கொடுத்தார்.

#21 நெறியாளர்

மோகனத்தின் பிறப்புரிமையைப் பற்றிய ஒன்பது பதில்களை இசைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே மென்பொருள் மட்டும், தயவுசெய்து.

#22 மாடிவீடு

வீட்டில் எல்லா அறையிலும், போனிலும் கேட்க வேண்டும் என்றால் நேவிட்ரோம் மாதிரி ஒன்றைப் பழைய கணினியில் ஓட விடலாம். இலவசம். நம் சொந்த ஸ்ட்ரீமிங் மாதிரி, இரவுப்பறவைக்கும் திருப்தியாக இருக்கும். பணம் செலவழிக்கத் தயார் என்றால் ரூன் இருக்கிறது. பார்க்க அருமை, ஆனால் அதன் அழகெல்லாம் இணையத்திலிருந்து வரும் தகவலில் இருக்கிறது. சபாவில் பதிந்த கச்சேரிக்கு அது என்ன தகவல் தரும்?

லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிகள். 'கொ' என்றால் இரண்டு குறி, கட்டளைவரி சொன்னபடி பிரிந்து கிடந்தால் மூன்று. பாட்டு, ராகம், தாளம், பாடியவர், சபா, வருடம் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே திணித்து வைத்திருந்தேன். விண்டோஸில் மூச்சு விடாமல் இருந்த 1,100 கோப்புகள் காப்பி ஆகாமல் நடுவழியில் நின்றன. இப்போது பெயரில் எண்ணும் பல்லவியும் மட்டும், மற்றதெல்லாம் டேகில்.

#23 ஓசையின்றி

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். டேக் திருத்துவது என்றால் 62,000 கோப்புகளையும் திறந்து எழுதுவது. எனக்கு ஒரு தடவை எழுதும் நடுவில் மின்சாரம் போய் ஒரு ஆல்பம் காலி. ஃப்ளாக்கில் ஒலியின் சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கும், அதனால் எது கெட்டது என்று பிறகு சோதித்துவிடலாம். எம்பி3-யில் அப்படி நம்பிச் சோதிக்க முடியாது, பெரும்பாலும் கேட்டால்தான் தெரியும்.

#24 கேசட்பெட்டி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நகல் எடுத்தேன். கட்டளைவரியின் நிரலை ஓட்டினேன். முன்பு 'கொ' என்று தேடினால் 212 வரும், இப்போது 498. மியூசிக்பீ வைத்திருக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கி, ராகம், பாடியவர் இரண்டு பத்திகளை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறைத்துவிட்டேன். ஓசையின்றி கோபித்துக்கொள்ள வேண்டாம், என் லேப்டாப்பில் ஃபூபார்தான். டேக் கோப்பிலேயே இருப்பதால் இரண்டிலும் ஒரே பட்டியல் வருகிறது. மேள எண்ணும் போட்டிருக்கிறேன், மோகனத்துக்கு அப்பா 28 என்றார். பழையரேடியோ மன்னிக்கவும்.

டேக் வேலை முடியவில்லை. கர்நாடகத்தில் ஒன்பதாயிரம் போல ராகம் எழுதியாகிவிட்டது.

முதல் நாள் அப்பா சாவேரியைச் சொடுக்கினார். 41 வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் தேடுவது இதில் இல்லையே" என்றார். எழுபதுகளில் கும்பகோணத்தில் அவரே நேரில் கேட்ட கச்சேரி, கேசட்டிலிருந்து மாற்றியது. நான் ஒரு மணி நேரம் தேடினேன். மறுநாள் அவர் சும்மா 'அசாவேரி'யைச் சொடுக்கி ஒவ்வொன்றாக ஓட விட்டிருக்கிறார். நாலாவது கோப்பில் இரண்டு வரி கேட்டதும் சமையலறைக்கே குரல் வந்தது: "டேய், இது சாவேரிடா!" கேசட் அட்டையில் யாரோ தப்பாக எழுதியதை நான் அப்படியே தட்டியிருக்கிறேன்.

இப்போது தினமும் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறார். கோப்பு எண், தப்பான ராகம், சரியான ராகம். நேற்று வரை 63 தேறியிருக்கிறது. எம்பி3டேக்கை அவருக்கே சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

#25 சுருதிப்பெட்டி

சொல்லிக்கொடுங்கள் தம்பி. ஆனால் 'சேவ்' பட்டனை மட்டும் ஒரு மாதம் நீங்களே அமுக்குங்கள்.